உலைக்கு முன்னே ஓர் அளவு

செய்யூர் உப்பளங்களை விட்டு வடக்கே சென்று, பாலாறு கடலோடு கலக்கும் இடத்தைத் தாண்டினால் கல்பாக்கத்தை அடைகிறோம். டச்சுக்காரர் கோட்டையால் பெயர்பெற்ற சதுரங்கப்பட்டினம் அதற்கு அண்டை ஊர். இந்தக் கரையில் ஆங்காங்கே கருமணல் திட்டுக்களைக் காணலாம். அந்தக் கருமை பெரும்பாலும் இல்மனைட்டு என்னும் கனிமத்தினுடையது. அதனூடே தேன் நிறத்தில் சில மணிகள் மறைந்து கிடக்கும். மோனசைட்டு என்பது அவற்றின் பெயர். அவற்றில் தோரியம் உண்டு. தோரியம் உள்ள இடத்தில் கதிர்வீச்சும் உண்டு. ஆகவே இங்கே அணு உலை எழுவதற்குப் பன்னெடுங் காலம் முன்னரே கதிர்வீச்சு இருந்தது.

மோனசைட்டு நம் நாட்டில் வெளிப்பட்ட வரலாறு சுவையானது. 1909-ஆம் ஆண்டில், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டுகொண்டார். மணவாளக்குறிச்சி மணல் அதன்பின் கப்பலேறியது. அன்று வணிகர் நாடியது கதிரையன்று. காஸ் விளக்கின் வலை பளிச்சென்று எரியத் தோரியம் வேண்டியிருந்தது.

கதிரைக் கண்ணால் காண இயலாது. 1896-இல் பெக்கரல் அதை உணர்ந்ததும் ஒளிப்படத் தகடு கறுத்ததைக் கொண்டுதான். 1908-இல் ரூதர்போர்டும் கைகரும் கதிர்த்துகள்களை மின்முறையால் ஒவ்வொன்றாக எண்ணும் கருவியை அமைத்தனர். 1928-இல் கைகரும் முல்லரும் அதைச் செம்மைப்படுத்தினர். குழாயினுள் வாயு, நடுவே மெல்லிய கம்பி, உயர்ந்த மின்னழுத்தம். கதிர் உள்ளே புகுந்தால் ஒரு மின்துடிப்பு. அவ்வளவே! துடிப்புகளை எண்ணினால் கணக்குக் கிடைத்துவிடுகிறது.

கல்பாக்கத்தின் முதல் மின் உலை இயங்கத் தொடங்கியது 1983-இல். ஆனால் சுற்றுப்புற ஆய்வுக்கூடம் 1974-இலேயே அங்கு நிறுவப்பட்டது. இந்த முன்பின் வரிசையே என் பேச்சின் உயிர்நாடி என்பேன். பொதுமக்களுக்கு உலையால் ஓராண்டில் நேரக்கூடிய கதிரேற்பு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேற்படலாகாது என்பது விதி. அது இயற்கையாக ஏற்பதற்கு மேற்பட்ட கணக்கு. உலகச் சராசரியில் இயற்கை தருவதே ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட்டு. மோனசைட்டு மணலோ இடத்துக்கிடம் கூடவும் குறையவும் தரும். இயற்கையின் பங்கை முன்னமே எழுதி வைக்காவிட்டால், பின்னர் உலையின் பங்கு இவ்வளவு என்று எவர் பிரித்துச் சொல்வது? மீனவர் அஞ்சினால் அச்சத்துக்கு விடையில்லை. அதிகாரி தேற்றினால் தேற்றத்துக்கும் சான்றில்லை.

நெடுநாள் அளவைக்கு வேறொரு கருவி உண்டு. டிஸ்ப்ரோசியம் சிறிதளவு சேர்த்த கால்சியம் சல்பேட்டு வில்லை, தன்மேல் பட்ட கதிரின் ஆற்றலை அடக்கி வைத்திருக்கும். சூடேற்றினால் அதை ஒளியாக உமிழும். ஒளியை அளந்தால் கதிர் தெரியும். கஞ்சன் முடிந்து வைத்த காசு போலத்தான்!

ஒரு குறையையும் சொல்லவேண்டும். உலையைக் கட்டியதும் கதிரை அளந்ததும் அணுசக்தித் துறையே. ஆதலால் அந்த எண்கள் கரையோரத்துக் குடிகளுக்கு விளங்கும் தமிழில் அவர்கள் கைக்கு எட்டவேண்டும் என்று கேட்பது நியாயமே.

மேலும் இக்கரை ஓரிடத்தில் நிற்பதன்று. அலை கருமணலை இன்று இங்கே குவிக்கும். நாளை வாரிக்கொண்டு போகும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கல்பாக்கக் குடியிருப்பினுள்ளும் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. இத்தகைய கரையில் ஒருமுறை அளந்த அளவு நெடுநாள் செல்லாது. மூன்று திங்களுக்கொருமுறை பழைய வில்லையை எடுத்துப் புதியதை வைத்து, மறுபடியும் முதலிலிருந்தே எண்ண வேண்டியிருக்கிறது.