சிறிய நினைவகத்தில் பெரிய களஞ்சியம்

மாதத்திற்கு வாங்கிய அரிசி மூட்டையை யாரும் அடுப்பருகே வைப்பதில்லை. அன்றாடம் வேண்டியது மட்டும் பானையில் இருக்கும். குறைந்தால் மூட்டையிலிருந்து எடுத்துக் கொள்கிறோம். கணிப்பொறியும் இம்முறையையே கையாளுகிறது. குமணன்சாவடியில் 128 கிகாபைட் மடிக்கணினி வைத்திருக்கும் ஒரு மாணவர், அதில் அடங்காத அளவு கோப்புகளை மேகச் சேமிப்பின் துணையால் பயன்படுத்த முடிகிறது. இவ்வசதி எவ்வாறு வந்தது?

1962-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அட்லஸ் என்னும் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. டாம் கில்பர்ன் தலைமையில் உருவான அதன் விரைவு நினைவகம் 16,384 சொற்களையே கொள்ளும். மெதுவாக இயங்கும் காந்த உருளையிலோ 98,304 சொற்களுக்கு இடமிருந்தது. தகவல்களை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, வேண்டிய பக்கத்தை மட்டும் உருளையிலிருந்து உள்ளே கொணர்ந்தனர். விரைவில் தேவைப்படாது எனத் தோன்றும் பக்கத்தைக் கணிப்பொறியே வெளியேற்றியது. நிரல் எழுதுபவருக்கு இரண்டும் ஒரே நினைவகமாகத் தோன்றின.

ஒரே பொறிக்குள் நடந்த இவ்வேலையைப் பல பொறிகளுக்கு இடையே நடத்தியவர்களுள் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற மகாதேவ் சத்யநாராயணன் ஆவார். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் 1980-களில் ஆண்ட்ரூ கோப்பு முறையை உருவாக்கின. அதில் கோப்புகள் யாவும் சேவையகத்தில் இருந்தன. ஒரு கோப்பைத் திறந்தால் அதன் படி பயனரின் வட்டுக்கு வரும். திருத்தி மூடினால் திரும்பிச் செல்லும். வேறொருவர் அதனை மாற்றினால், சேவையகம் செய்தி அனுப்பும். இப்பணிக்கு 2016-ஆம் ஆண்டின் ஏ.சி.எம். மென்பொருள் விருது கிடைத்தது.

தொடர்பு அறுந்துவிட்டால் என்ன செய்வது? 1987-இல் சத்யநாராயணன் குழுவினர் தொடங்கிய கோடா முறை இதற்கு விடை தேடியது. தமக்கு இன்றியமையாத கோப்புகள் எவை என்று பயனரே பட்டியல் தருவார். தொடர்பு உள்ளபோதே கணிப்பொறி அவற்றைச் சேகரித்துக் கொள்ளும். தொடர்பற்ற நேரத்தில் செய்த மாற்றங்களைக் குறித்து வைத்து, பின்னர் சேவையகத்தில் சேர்க்கும். அட்லஸில் பொறியே முடிவு செய்தது. கோடாவில் மனிதரின் முன்யோசனையும் சேர்ந்தது.

2008-இல் டிராப்பாக்ஸ் பொதுமக்களுக்கு வந்தது. 2017-இல் விண்டோஸ் 10-இல், கோப்பின் பெயர் மட்டும் கணிப்பொறியில் தெரிய, உள்ளடக்கம் மேகத்தில் இருக்கும் வசதியை ஒன்டிரைவ் அளித்தது.

இங்குதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். பெயர் தெரிவதால் கோப்பு கையில் இருப்பதாகப் பொருளல்ல. செய்முறைத் தேர்வுக்கு வேண்டிய பதிவேட்டை, ‘எப்போதும் இக்கருவியில் வைத்திரு’ என்று முன்கூட்டியே குறித்தல் நலம். இடம் போதாதபோது ‘இடத்தை விடுவி’ என்றால் கணிப்பொறியிலுள்ள படி மட்டுமே நீங்கும். ‘அழி’ என்றாலோ சேவையகத்திலிருந்தும், இணைந்துள்ள பிற கருவிகளிலிருந்தும் கோப்பு அகன்றுவிடும்! ஆகவே ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு. இழக்கக் கூடாதவற்றிற்குத் தனி வட்டில் ஒரு படி எடுத்து வைப்பதே அறிவுடைமை.

எதை அருகில் வைப்பது என்பதைப் பெரும்பாலும் பொறி கணித்துவிடும். நாளை நமக்கு எது தேவை என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.