முதல் பந்தி

தாமிரபரணிப் பாசனத்துச் சம்சாரிகளிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. வயலில் தழையைப் போட்டு மிதித்த மறுநாளே நாற்றை நட்டுவிட மாட்டார்கள். தண்ணீரைக் கட்டிச் சில நாள் காத்திருப்பார்கள். தழை அழுகி அடங்கிய பிறகுதான் நடுகை. உரம் போட்டபின் எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

மண்ணுக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத பெருங்கூட்டம் ஒன்று குடியிருக்கிறது. ஒரு சிட்டிகை மண்ணிலேயே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். அவற்றுக்கும் பயிருக்கும் வேண்டிய சரக்கு ஒன்றுதான்: நைட்ரஜன். அதற்குத் 'தழைச்சத்து' என்று பெயர் வைத்தவர் புண்ணியவான்! தழையைப் போட்டதும் முதல் பந்தியில் உட்காருவது இந்தக் கூட்டம். பயிருக்கு இரண்டாம் பந்தி. தழையில் சத்து தாராளமாக இருந்தால் மிச்சம் கிடைக்கும். வைக்கோலைப் போல் சத்துக் குறைந்ததானால், மண்ணில் இருப்பதையும் அவை வழித்துத் தின்றுவிடும். பயிர் மஞ்சளித்து நிற்கும்.

இந்தப் பள்ளத்தாக்கில் அது சோற்றுப் பிரச்னை. ஆற்றின் 8 அணைக்கட்டுகளில் 7 பழையவை. ஸ்ரீவைகுண்டம் அணை மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது. அவற்றின் தயவில் கார், பிசானம் என்று 2 போகம். இத்தனைக்கும் எருவுக்கு எங்கே போவது? மேற்கே மலையில் தழை இருந்தது. வயலிலேயே கொழிஞ்சி இருந்தது. பிசானம் அறுத்தபின் கோடையில் வளரும் கொழிஞ்சியைக் காருக்கு முன் மடக்கி உழுதார்கள். அது அவரைக் குலத்துச் செடி. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. பந்திக்குப் பஞ்சமில்லை.

1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒதுக்குக் காடுகளில் தழை வெட்ட சர்க்காரின் தயவு தேவைப்பட்டது. தழையை நம்பி நெல் விளைவித்தவனுக்கு அது சோற்றிலே கை வைத்த மாதிரி. 1889-ல் இந்தியாவுக்கு வந்து சுற்றிப் பார்த்த வோல்கர் என்ற ஆங்கிலேய ரசாயன நிபுணர், காடுகள் விவசாயத்துக்கு உதவ வேண்டும் என்றே 1893-ல் வெளியான தம் அறிக்கையில் வாதாடினார்.

மண்ணுக்குள் நடப்பதை முதலில் துருவிப் பார்த்தவர்களில் நம்மவரும் ஒருவர். சென்னை ராஜதானியின் விவசாய ரசாயன நிபுணர் ஹாரிஸனும், பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் நெல் வயலின் சேற்றுக் குமிழிகளைப் பிடித்துச் சோதித்து, 1913-லிருந்து முடிவுகளை வெளியிட்டார்கள். தழை அழுகும்போது மீதேன் முதலிய வாயுக்கள் எழுகின்றன. சேற்றின்மேல் படியும் நுண்ணுயிர்ப் படலம் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டு, நெல்வேருக்குப் பிராணவாயு கிடைக்கச் செய்கிறது. போட்டிக்காரனே உபகாரியும் ஆகிறான்!

இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஹட்சின்ஸன், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் 1921-ல் பந்திக் கணக்கையே போட்டுக் காட்டினார்கள். 100 பங்கு வைக்கோல் மக்குவதற்கு ஏறத்தாழ முக்கால் பங்கு நைட்ரஜன் வேண்டும். வைக்கோலில் அது போதாவிட்டால் வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

பிறகு மூட்டை உரம் வந்தது. 1975-ல் தூத்துக்குடியிலேயே யூரியா உற்பத்தி தொடங்கியது. காத்திருக்கும் அவசியம் குறைந்தது, கொழிஞ்சியும் மறக்கப்பட்டது. ஆனால் பந்தி முறை மாறவில்லை. கொல்லையில் கத்தரிச் செடிக்கு மரத்தூளையோ பச்சை வைக்கோலையோ மண்ணோடு கலந்துவிட்டு, 'இத்தனை போட்டும் வெளுக்கிறதே' என்று அங்கலாய்க்கும் குடும்பத் தலைவிகள் இன்றும் உண்டு. செடிக்குப் போட்டதாக நினைத்தார்கள். சாப்பிட்டது வேறு கூட்டம். அதையே முதலில் மக்கவைத்துப் போட்டிருந்தால் வம்பில்லை.

ஆனாலும் செடி தோற்றுவிடுவதில்லை. நுண்ணுயிரின் ஆயுள் சொற்பம். அது செத்தால் தின்ற சத்தில் ஒரு பகுதி மண்ணுக்கே திரும்புகிறது. வேர் நின்று நிதானித்து அதை எடுத்துக்கொள்கிறது. அந்தச் சில நாள் பொறுமையைத்தான், ரசாயனம் படிக்காத தாமிரபரணிச் சம்சாரி தன் வழக்கமாக வைத்திருந்தான்.