மெமரி கார்டுக்குள் ஒரு 1977

போனுக்குப் புதுசா மெமரி கார்டு வாங்கி, கம்ப்யூட்டர்ல போட்டு ஃபார்மேட் பண்ணப் போனா ஒரு கேள்வி வரும்: ஃபேட்32-ஆ, எக்ஸ்ஃபேட்-ஆ? நம்மில் பலரும் யோசிக்காம ஏதோ ஒண்ணை அழுத்திட்டுப் போயிடுவோம். அந்தக் கேள்விக்குப் பின்னாடி 40 வருஷத்துக்கு மேல நீளும் ஒரு கதை இருக்கு.

முதல்ல, ஃபைல் சிஸ்டம்னா என்ன? எந்த ஃபைல் கார்டில் எங்கே ஆரம்பிக்குது, எங்கெங்கே தொடருதுன்னு குறிச்சு வைக்கிற முறை. நூலகத்துப் புத்தகப் பட்டியல் மாதிரின்னு வெச்சுக்கலாம். பட்டியல் கிழிஞ்சு போனா, புத்தகம் அலமாரியிலேயே இருந்தாலும் நம்மால தேடி எடுக்க முடியாது.

1977-ல் மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்த்த மார்க் மெக்டொனால்ட் இப்படி ஒரு பட்டியல் முறையை எழுதினார். ஃபைல் அலொகேஷன் டேபிள், சுருக்கமா ஃபேட். அன்னைக்கு இலக்கு ஃப்ளாப்பி டிஸ்க்தான். எளிமையான முறை, அதனால சின்னச் சின்னக் கருவிகள்கூட இதைப் படிச்சது. டிஸ்க் பெருசாகப் பெருசாக ஃபேட்டும் வளர்ந்து, 1996-ல் ஃபேட்32 வந்தது.

இதுல ஒரு சிக்கல். ஒவ்வொரு ஃபைலோட அளவையும் எழுத ஃபேட்32 ஒதுக்கியது வெறும் 32 பிட். அதில் எழுதக்கூடிய பெரிய எண் சுமார் 429 கோடி. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. அதனாலதான் கார்டில் 20 ஜிபி காலியா இருந்தாலும் 5 ஜிபி வீடியோ ஏற மாட்டேங்குது.

இந்த எல்லையைத் தாண்ட, 2006-ல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ஃபேட்டைக் கொண்டு வந்தது. 2009-ல் அறிவிக்கப்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளுக்கு, அதாவது 32 ஜிபிக்கு மேல் 2 டிபி வரை உள்ள கார்டுகளுக்கு, அதுவே தரநிலை ஆச்சு. ஆனா எக்ஸ்ஃபேட் ஒரு கம்பெனியோட சொத்து. பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டியிருந்தது.

"ஆண்ட்ராய்டுக்குள்ள இருக்கிறது லினக்ஸ்தானே, லினக்ஸோட எக்ஸ்ட்4 இருக்கே, அதைப் போட்டுக்கலாமே?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. தொழில்நுட்பமா பார்த்தா எக்ஸ்ட்4 பல விஷயத்துல மேல். ஆனா அந்தக் கார்டைக் கழற்றி கேமராவிலோ விண்டோஸ் லேப்டாப்பிலோ போட்டா, அதுக்கு ஒண்ணும் புரியாது. எல்லாரும் படிக்கிற பட்டியல் ஃபேட் குடும்பம்தான். அதோட சாவி ஒரே கையில இருந்தது.

அந்தச் சாவிக்கு எவ்வளவு பலம்? 2009 பிப்ரவரியில், லினக்ஸ் பயன்படுத்திய டாம்டாம் என்ற வழிகாட்டிக் கருவி நிறுவனத்து மேல மைக்ரோசாஃப்ட் வழக்குப் போட்டது. ஃபேட்டில் நீளமான ஃபைல் பெயர் வைக்கிற முறைக்கான காப்புரிமைகளும் அந்த வழக்கில் இருந்தது. அடுத்த மாசமே டாம்டாம் சமரசத்துக்கு வந்து, அந்த வசதியை நீக்க ஒத்துக்கிட்டது.

பத்து வருஷம் கழிச்சு, 2019 ஆகஸ்டில், மைக்ரோசாஃப்ட்டே எக்ஸ்ஃபேட்டின் விவரக்குறிப்பை வெளியிட்டு, லினக்ஸில் சேர்க்கவும் ஆதரவு சொன்னது. 2020-ல் லினக்ஸ் 5.7-ல் சாம்சங் எழுதிய டிரைவர் சேர்ந்தது.

சரி, இன்னைக்கு எதை அழுத்தறது? கார்டு போன், கேமரா, லேப்டாப்னு சுத்தும்னா, அந்தக் கருவிகள் ஏத்துக்கிற வரைக்கும் எக்ஸ்ஃபேட். பழைய கருவிக்கு மட்டும் ஃபேட்32. ரெண்டிலும் ஜர்னலிங் கிடையாது, அதாவது பாதியில் நின்ன வேலையைச் சரிசெய்ய குறிப்பேடு இல்லை. அதனால எஜெக்ட் கொடுக்காம கார்டை உருவாதீங்க.

ஆண்ட்ராய்டு 6-ல், 2015-ல், கார்டைப் போனோட உள் நினைவகமாவே மாத்திக்கிற வசதி வந்தது. அப்போ கார்டு குறியாக்கம் ஆகிடும், அதைத் திறக்கிற சாவி போனுக்குள்ளதான் இருக்கும். போன் செத்தா கார்டில் இருக்கிற குடும்பப் போட்டோவும் போச்சு. ஒரே ஒரு கருவி மட்டும் படிக்கிற பட்டியலை நம்பறதுக்கு முன்னாடி, வேற இடத்துல ஒரு காப்பி எடுத்து வெச்சுடுங்க.