கடற்படையில் மாலுமியா சேர்ந்தா ஆபீசர் ஆக முடியுமா? வழி இருக்கு... ஆனா புரமோஷன்ல இல்ல!

பிளஸ் 2 முடித்துவிட்டு இந்திய கடற்படையில் மாலுமியாகச் சேர நினைக்கும் பலரிடம் ஒரு கணக்கு இருக்கும். 'முதல்ல உள்ள போயிடுவோம், புரமோஷன் வாங்கி வாங்கி ஒருநாள் ஆபீசர் ஆயிடலாம்'. ஆபீசர் ஆகலாம் என்பது உண்மை. புரமோஷனில் ஆகலாம் என்பதுதான் தப்பு.

மாலுமிகளுக்கான பதவி ஏணி தனி. சீமேன், லீடிங் சீமேன், பெட்டி ஆபீசர், சீஃப் பெட்டி ஆபீசர் என ஏறி, மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர் முதல் நிலையோடு அது முடிந்துவிடும். ராணுவத்தின் சுபேதார் மேஜருக்குச் சமமான பதவி இது. பேரில் 'ஆபீசர்' இருந்தாலும் இவர்கள் அதிகாரிகள் கிடையாது. 30 வருஷ அனுபவம் இருந்தாலும், நேற்று வந்த 22 வயது சப் லெப்டினன்ட்டுக்கு இவர்தான் சல்யூட் அடிக்கணும்.

காரணம், கமிஷன். புரோக்கர் கமிஷன் இல்லீங்க! குடியரசுத் தலைவர் வழங்கும் அதிகார ஆணை. சம்பளத்திலும் வித்தியாசம் பெரிசு. 7வது ஊதியக் குழுப்படி நிரந்தர மாலுமியின் அடிப்படைச் சம்பளம் ரூ.21,700-ல் தொடங்குகிறது. சப் லெப்டினன்ட்டுக்குத் தொடக்கமே ரூ.56,100.

இந்தக் கோட்டைத் தாண்ட கடற்படைக்குள்ளேயே இரண்டு வழிகள் உண்டு. இளம் மாலுமிகளுக்கு 'கமிஷன் வொர்தி' திட்டம். இதில் எஸ்எஸ்பி எனும் 5 நாள் தேர்வைத் தாண்ட வேண்டும். உளவியல் தேர்வு, குழுவாகச் செய்யும் டாஸ்க், நேர்காணல் எல்லாம் இருக்கும். கப்பலில் வேலையைச் சுத்தமாகச் செய்வது மட்டும் இங்கே போதாது. நாலு பேரை வழிநடத்தி முடிவெடுக்கத் தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

பல வருஷம் சர்வீஸ் போட்ட சீனியர்களுக்கு 'ஸ்பெஷல் டியூட்டீஸ்' பிரிவு. தங்கள் துறையிலேயே அதிகாரி ஆகலாம்.

மாலுமியாக இருந்துகொண்டே யுபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் தேர்வும் எழுதலாமே என்று கேட்கலாம். மேலதிகாரிக்கு முறைப்படி தெரிவித்துவிட்டு எழுதலாம். ஆனால் அதன் வழியாக எழிமலா கடற்படை அகாடமிக்குப் போக இன்ஜினியரிங் டிகிரி கட்டாயம். தபால் வழியில் பி.ஏ. முடித்து வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது.

குடியரசு தினம், சுதந்திர தினத்தையொட்டி மூத்த மாலுமிகளுக்குத் தரும் கௌரவ லெப்டினன்ட் பதவி? அது பணிக்காலத்தின் கடைசிக் கட்டத்தில் கிடைக்கும் மரியாதை. மேலே சொன்ன கமிஷனோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது சேர்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அக்னிவீர் கணக்கு. 2022-ல் வந்த இந்தத் திட்டத்தில் பணி 4 ஆண்டுகள்தான். அதன்பிறகு அதிகபட்சம் 25% பேருக்கே நிரந்தரப் பணி. மற்றவர்கள் வெளியே வந்துவிடுவதால், நீண்ட சர்வீஸ் கேட்கும் 'ஸ்பெஷல் டியூட்டீஸ்' வழி அவர்களுக்கு இல்லை.

அதனால், ஆபீசர் ஆவதுதான் குறி என்றால் நேரடி வழியை முதலில் முயற்சி செய்வதே நல்லது. பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுக்குள் என்டிஏ தேர்வு எழுதலாம். வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. ஆண்கள், பெண்கள் இரு தரப்பும் எழுதலாம்.