கீழ்ப்பாக்கம், தாணே, தாராவி: வசவான ஊர்ப்பெயர்களும் ஒரு பாட்டும்

தமிழில் ஒருவரை மனநோயாளி என்று இழித்துரைக்க நோயின் பெயர் தேவையில்லை. ஊரின் பெயர் போதும். சென்னைக்கு அவ்வூர் கீழ்ப்பாக்கம். மும்பைக்குத் தாணே. தாராவித் தமிழருக்கு இரண்டுமே விளங்கும். போதாததற்குப் பம்பாய் இந்தியின் 'யேடா'வும் உண்டு.

சென்னையின் காப்பகம் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது 1871இல். தாணே மனநல மருத்துவமனை 1901இல் தோன்றியது. 'லூனடிக் அசைலம்' என்பது இழிவாகத் தோன்றியதால், 1922இல் கீழ்ப்பாக்கத்தின் பெயர்ப்பலகையில் 'மென்டல் ஹாஸ்பிட்டல்' வந்தது. நாகரிகம் கருதிக் கொண்டுவரப்பட்ட அந்த 'மென்டல்' இன்று தமிழின் முதன்மையான வசவுகளுள் ஒன்று. பலகையை மாற்றினால் இழிவு புதிய சொல்லில் குடியேறிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சொல்லை விடவும் இங்கு நோக்கத்தக்கது இடம். இவ்வசவுகள் முன்னிலையிலும் படர்க்கையிலுமே வழங்குகின்றன: 'உனக்கு', 'அவளுக்கு'. 'எனக்கு' என்று தன்மையில் தொடங்கும் வாக்கியம் அரிது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். நாடு அவர்களைப் பற்றிப் பேசியது. அவர்கள் பேசியதாகப் பதிவு ஏதும் நம் பொதுநினைவில் இல்லை. சங்கிலியிடுவதைத் தடைசெய்த மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது 2017இல்.

தமிழ் இசை மரபுக்குப் பித்து அயலானதன்று. சுந்தரர் தம் முதற்பதிகத்தில் இறைவனை அழைத்ததே பித்தன் என்றுதான். மாட்டுங்கா, செம்பூர்ச் சபாக்களில் அச்சொல் பக்தியோடு ஒலிக்கலாம். அதே சொல் அரங்குக்கு வெளியே ஒரு குடும்பத்தின் மானத்தைக் குலைக்கும். இறைவனுக்கு அணியாகும் பித்து மனிதனுக்கு ஆகாது என்பது நம் பண்பாட்டின் விந்தையான ஏற்பாடு.

மூன்றாவது ஊர்ப்பெயருக்கு வருவோம். 'தாராவி' என்பதும் நெடுங்காலம் வசவுதான். முகவரி சொன்னால் வேலை கிடைக்காது என்ற அச்சம் அங்கு பிறந்தோர் பலர் அறிந்தது. அந்த இழிவைத் திருப்பிப்போட்டதில் ராப் இசைக்குப் பெரும் பங்குண்டு. அஞ்சல் குறியீடான 400017இன் கடைசி இரு எண்களையே இளைஞர்கள் பெருமைக்குரிய அடையாளமாக்கினர். டோப்அடெலிக்ஸ் குழுவினர் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் தம் தெருவைப் பாடினர். 2018இல் வெளிவந்த 'காலா'வில் அவர்களின் குரலைத் தமிழகம் கேட்டது. எந்த அரசாணையும் தாராவியின் பெயரை மாற்றவில்லை. அப்பெயரைச் சொல்லும் இடம் மாறியது: 'அவர்கள் தாராவி' என்பது 'நான் தாராவி' என்றானது.

இதே மாற்றம் மனநோய்க்கும் நிகழுமா? ராப் வரலாறு நிகழ்ந்ததென்றே காட்டுகிறது. 1991இல் ஹூஸ்டனின் கெட்டோ பாய்ஸ் குழு, தன் மனமே தன்னை ஏமாற்றும் அச்சத்தைத் தன்மையில் பாடியது. அக்குழுவின் ஸ்கார்ஃபேஸ் 2015இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு 'டைரி ஆஃப் எ மேட்மேன்' என்றே தலைப்பிட்டார்; வசவு நூலின் அட்டையில் ஏறியது. 2017இல் லாஜிக் என்ற பாடகர் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையே பாட்டின் தலைப்பாக்கினார். மக்கள் கவனம் அப்பாட்டின்மீது குவிந்திருந்த 34 நாள்களில், எதிர்பார்த்ததைவிட 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்தன. 10 முதல் 19 வயதினரிடையே தற்கொலைகள் 245 குறைந்தன என்று 2021இல் பி.எம்.ஜே. இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. பாட்டுதான் காரணம் என்று அறுதியிட அத்தகைய ஆய்வால் இயலாது; எனினும் புறந்தள்ளக்கூடிய எண்களும் அல்ல. நோயுற்றவரை நேரில் சந்தித்து அவர் கதையைக் கேட்பது, வளர்ந்தவர்களிடையே, அறிவுரையைவிட இழிவெண்ணத்தைக் கூடுதலாகக் குறைக்கிறது என்பது பாட்ரிக் காரிகன் குழுவினர் 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு.

மும்பையிலும் அந்தத் தன்மைக் குரல் எழுந்தது. 2015இல் தீபிகா படுகோன் தம் மனச்சோர்வை வெளிப்படையாகச் சொன்னார். மறு ஆண்டு, வடக்கே, ராப் பாடகர் ஹனி சிங் தமக்கு இருமுனைக் கோளாறு என்றார். இருவரின் துணிவும் மதிக்கத்தக்கதே. ஆனால் புகழ் அவர்களுக்கு முன்பே கிடைத்திருந்தது. சொன்னதற்கான விலையைச் செலுத்தக் கையிருப்பும் இருந்தது.

தாராவிப் பாடகனின் கணக்கு வேறு. 'பதினேழு' என்று அவன் பாடும்போது தெருவே உடன் பாடுகிறது. அந்த இழிவு எல்லாருக்கும் பொது, ஆதலால் அந்தப் பெருமையும் பொது. 'எனக்கு மனநோய்' என்று பாடுபவனோ அந்தத் தெருவிலேயே தனியன். தங்கைக்கு வரன் பார்க்கும் நாளிலும் அந்தப் பாட்டு யூடியூபில் இருக்கும்.