படியும் மூச்சும்

சிதம்பரம் சிற்றம்பலத்தின் கூரையில் வேயப்பட்ட பொன்னோடுகள் 21,600 என்பது மரபு வழிச் செய்தி. மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு அது என்று முன்னோர் விளக்கினர். ஒரு நாளின் 1,440 நிமிடங்களுக்குப் பகிர்ந்தால் நிமிடத்துக்கு 15 மூச்சு. ஓய்விலிருக்கும் வயது வந்தவருக்கு இன்றைய மருத்துவம் சொல்லும் 12 முதல் 20 வரை என்னும் எல்லைக்குள் அந்த எண் அமைகிறது. அக்கூரையின்கீழ்ச் செல்ல ஐந்து படிகள். பஞ்சாட்சரப் படிகள் என்பர். படியையும் மூச்சையும் அருகருகே வைத்த ஊர் அது. ஆனால் படியேறுகிறவரின் மூச்சும் நாடியும் எவ்வளவு மாறுகின்றன என்று அளந்து பார்ப்பது இருபதாம் நூற்றாண்டில்தான் முறைப்பட்டது. இன்று ‘ஸ்டெப் ஏரோபிக்ஸ்’ என்று வழங்கும் படிப் பயிற்சியின் முன்கதை அங்கே இருக்கிறது. ஒரே பயிற்சியைப் பற்றிக்கொள்வோருக்கு அக்கதையில் ஓர் எச்சரிக்கையும் இருப்பதைக் காண்கிறோம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய அதே 1929ஆம் ஆண்டில், அமெரிக்க மருத்துவர் ஆர்தர் மாஸ்டர் தம் துணை ஆய்வாளருடன் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். 9 அங்குல உயரமுள்ள இரண்டு படிகளில் ஏறி, மறுபுறம் இறங்கி, திரும்பவும் ஏற வேண்டும். முடிந்தபின் நாடியும் இரத்த அழுத்தமும் எவ்வளவு விரைவில் பழைய நிலைக்கு மீள்கின்றன என்று பார்ப்பார்கள். 1943இல் ஹார்வர்டு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லூசியன் ப்ரூஹா இதைக் கடுமையாக்கினார். 20 அங்குல மேடை, நிமிடத்துக்கு 30 முறை, 5 நிமிடம் என்பது அவர் வகுத்த அளவு. நம் நாட்டு உடற்கல்வி மாணவர்களும் ஹார்வர்டு படிச் சோதனையை நன்கறிவர். இவ்விரண்டு சோதனைகளும் உழைப்பை அடுத்து உடல் எப்படி ஓய்வுக்குத் திரும்புகிறது என்பதையே வலிமையின் அளவுகோலாகக் கொண்டன.

1953இல் ஜெரி மாரிஸ் குழுவினர் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அடுத்த திருப்பம். லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. இவ்வளவே பலரும் எடுத்துக்காட்டும் பகுதி. அதே ஆய்வில் தபால்காரர்களும் உண்டு. நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொடுத்தவர்கள், மேசையில் அமர்ந்த எழுத்தர்களைவிட நலமாக இருந்தனர். படி, நடை, மிதிவண்டி எதுவாயினும் இதயம் பயன் கொண்டது. வேறுபாடு பார்ப்பவை மூட்டுகளே.

அதற்குச் சான்று அடுத்த முப்பதாண்டுகளில் கிடைத்தது. 1968இல் கென்னத் கூப்பரின் ‘ஏரோபிக்ஸ்’ நூல் வந்தபோது நடை, ஓட்டம், நீச்சல், மிதிவண்டி எல்லாவற்றுக்கும் அதில் இடமிருந்தது. பின்னர் அச்சொல் இசைக்கேற்பக் குதித்தாடும் வகுப்புகளுக்கே உரிய பெயர்போல் சுருங்கியது. 1982இல் ஜேன் ஃபோண்டாவின் ஒளிநாடா அதை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. குதித்தவர்களில் பலருக்குக் கணைக்காலும் முழங்காலும் நோகத் தொடங்கின. அமெரிக்கப் பயிற்சியாளர் ஜின் மில்லர் முழங்கால் காயத்திலிருந்து மீள, உயரம் குறைந்த பெட்டியொன்றில் ஏறி இறங்குமாறு மருத்துவ ஆலோசனை பெற்றார். அதை இசையோடு இணைத்து 1989 வாக்கில் அவர் உருவாக்கியதே படிப் பயிற்சி. ரீபாக் நிறுவனம் அதை உலகெங்கும் விற்றது. நொந்த முழங்காலுக்கு மருந்தாகப் பிறந்தது, உயரத்தைக் கூட்டி, வேகத்தைக் கூட்டி, நாள்தோறும் செய்தபோது முழங்காலையே மீண்டும் வருத்தியது. மேடை 4 முதல் 8 அங்குலம், முழங்கால் செங்கோணத்துக்கு மேல் மடங்கலாகாது, பாதம் முழுதும் மேடையில் பதிய வேண்டும், முன்வைக்கும் காலை மாற்ற வேண்டும் என்ற விதிகள் இந்தப் பட்டறிவிலிருந்து எழுந்தவை.

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் ஔஷதகிரி என்னும் குன்று இருக்கிறது; பெயரிலேயே மருந்து. மேலே ஹயக்ரீவர் சந்நிதிக்கு 74 படிகள். நிமிடத்துக்கு 128 தாளம் என்னும் வேகத்தில், நான்கு தாளத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கினால், அரைமணி வகுப்பில் 960 ஏற்றம். படியுயரத்தின் வேறுபாட்டை விட்டுவிட்டால், ஔஷதகிரியைப் பதின்மூன்று முறை ஏறியதற்கு ஒப்பு. பதின்மூன்று முறை இறங்கியதற்கும் ஒப்பு. ஏற்றம் நெஞ்சுக்கு வேலை. இறக்கம் முழங்காலுக்கு வேலை. நாள் தவறாமல் இதைச் செய்யலாகாது என்பதற்குக் காரணம் வேறு வேண்டியதில்லை.

இதே வட்டாரத்தில் உழைப்பின் வகைகளுக்குக் குறைவில்லை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையின் மணலில் நடப்பது கெண்டைக்காலுக்கு, பிச்சாவரத்தில் துடுப்பு வலிப்பது தோளுக்கும் முதுகுக்கும் வேலை. ஆயினும் அக்கால மக்கள் எல்லாம் சமன்பட்டு வாழ்ந்தனர் என்று நாம் மயங்க வேண்டாம். துடுப்புப் பிடித்தவர் துடுப்பையே பிடித்தார். நாற்று நட்டவள் குனிந்தே நட்டாள். அவள் முதுகு அதைச் சொல்லும். கோபுரங்களில் 108 கரணங்களைக் கண்டு வியக்கும் நாம், அரைமண்டியில் நின்று மூன்று காலங்களிலும் அடவு பழகும் ஆடற்பெண்ணின் முழங்காலையும் நினைக்க வேண்டும். வேலையைத் தாமே தேர்ந்துகொள்ள முடிந்தவர்க்கே சமநிலை வாய்க்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பைப் பரிந்துரைத்தது. இரண்டு நாள் படி, மூன்று நாள் நடை, ஒரு நாள் மிதிவண்டியோ நீச்சலோ, ஒரு நாள் ஓய்வு என்று நாள்தோறும் அரைமணி வகுத்துக்கொண்டால் அந்தக் கணக்கு நிறைந்துவிடும். ஓய்வும் கணக்கில் சேர்ந்ததே. தில்லையில் ஓரிடத்தில் நின்றே காலைத் தூக்கி ஆடும் நடராசரையும் கிடந்த கோலத்துக் கோவிந்தராசரையும் காணலாம்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு எனக் கணித்தது. 2024இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வின்படி, போதிய உடலுழைப்பு இல்லாதோர் ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57 விழுக்காடு. தெருவில் ஓடினால் யார் என்ன சொல்வார்களோ என்று தயங்கும் சிற்றூர்ப் பெண்ணுக்கு, அறையின் மூலையில் போடும் ஆறங்குலப் பலகை ஒரு நல்ல தொடக்கம். ஆனால் மீதி நாட்களின் நடைக்கும் மிதிவண்டிக்கும் அவள் வெளியே வந்தாக வேண்டும். தேர் ஓடுவதற்கென்று அகலமாக வகுத்த நான்கு வீதிகள் சிதம்பரத்தில் உள்ளன. விடியற்காலையில் அவள் அங்கே அச்சமின்றி நடக்க முடிகிறதா என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதியே.