போட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலத்தில் போட்டி, போட்டியாளர், போட்டியிடுதல் ஆகியவற்றைக் குறிக்க ரைவல், கம்பீட், கான்டெஸ்ட், வை, மேட்ச் முதலிய பல சொற்கள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை இலத்தீன் மூலமுடையவை. இன்று எதிர்ப்பை உணர்த்தும் இச்சொற்களிற் சில, தொடக்கத்தில் பகையைக் குறிக்கவில்லை. ஒன்றைப் பகிர்தல், ஒன்றாகக் கூடுதல், இணையாதல் போன்ற பொருள்களையே கொண்டிருந்தன.

ரைவல்

இவற்றுள் மிகவும் சுவையான வரலாறு உடையது ரைவல் என்னும் சொல். இலத்தீனில் ரீவுஸ் என்றால் ஓடை அல்லது வாய்க்கால். ஒரே வாய்க்காலிலிருந்து நீர் எடுப்பவர் ரீவாலிஸ் எனப்பட்டார். உரோமைச் சட்ட அறிஞர் உல்பியன் இச்சொல்லை இப்பொருளிலேயே விளக்கியுள்ளார். அவரது விளக்கம், பேரரசர் யுசுத்தினியன் காலத்தில் கி.பி. 533 இல் வெளியிடப்பட்ட சட்டத் தொகுப்பான டைஜெஸ்டில், நீர் உரிமை பற்றிய பகுதியில் இடம் பெற்றுள்ளது. வாய்க்கால் நீரைப் பங்கிடுவோருக்கிடையே தகராறு எழுவது இயல்பே. ஆயினும் நீரைப் பகிர்வோர் என்ற பொருளோடு கூடவே, ஒரே பெண்ணை விரும்பும் இருவர் என்ற பொருளும் பழைய இலத்தீன் நாடகங்களில் காணப்படுகிறது.

ஆங்கிலத்தில் இச்சொல் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்குக்கு வந்தது. சேக்சுபியர் இதனை இரு பொருளிலும் ஆண்டுள்ளார். காதற் போட்டியாளரைக் குறிக்கும் இடங்கள் அவரது நாடகங்களில் பல உண்டு. ஆனால் ஆம்லெட் நாடகத்தின் முதற் காட்சியில், இரவுக் காவலைப் பகிர்ந்துகொள்ளும் தோழர்களையே இச்சொல் சுட்டுகிறது. 1603 இல் வெளியான அந்நாடகத்தின் முதற் பதிப்பில் அவ்விடத்தில் பங்காளர் எனப் பொருள்படும் பார்ட்னர் என்ற சொல் அச்சிடப்பட்டுள்ளது. இன்றைய பொருளை மட்டும் அறிந்தவர் இக்காட்சியைப் படித்தால், காவலர்கள் தம்முள் பகைவர் என்று கருதிவிடக்கூடும்.

தமிழில் பங்காளி என்ற சொல் இதற்கு மிக நெருங்கியது. பங்கு உடையவர் என்பதே அதன் நேர்ப்பொருள். எனினும் பங்காளிச் சண்டை, பங்காளிக் காய்ச்சல் ஆகிய வழக்குகள், பங்குள்ள இடத்தில் பொறாமையும் பிணக்கும் தோன்றுவதையே காட்டுகின்றன. ஆகவே ரைவல் என்பதை எல்லா இடங்களிலும் எதிரி என மொழிபெயர்ப்பது பொருத்தமன்று. எதிரியோடு பொதுவான இலக்கு எதுவும் இருக்கவேண்டியதில்லை. போட்டியாளரோடு அது இருந்தே ஆகவேண்டும்.

பொருளியலில் இச்சொல் ஏறக்குறைய வாய்க்காலுக்கே திரும்பியுள்ளது எனலாம். ஒருவர் நுகர்ந்தால் மற்றவருக்குக் குறைந்துபோகும் பண்டங்களை ரைவல் பண்டங்கள் என்பர். உணவு அத்தகையது, வானொலி ஒலிபரப்பு அத்தகையதன்று.

ஆறு எனப் பொருள்படும் ரிவர் என்ற சொல்லும் ரீவுசிலிருந்து வந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. ரிவர் என்பது கரை எனப் பொருள்படும் ரீப்பா என்ற வேறொரு இலத்தீன் சொல்லின் வழிவந்தது. மாறாக, வருவித்தல் என்ற பொருளில் கணிதத்தில் வரும் டிரைவ் ரீவுசின் வழிவந்ததே. வாய்க்காலிலிருந்து நீரைத் திருப்பிவிடுதல் அதன் மூலப்பொருள்.

பிற சொற்கள்

கம்பீட் என்பது, ஒன்றாக என்ற பொருள்தரும் முன்னொட்டும் நாடுதல் எனப் பொருள்படும் பெட்டேரெ என்ற வினையும் சேர்ந்தது. ஒன்றுகூடுதல், பொருந்துதல் என்பன அதன் முந்தைய பொருள்கள். தகுதியுள்ள எனப் பொருள்படும் கம்பீட்டன்ட் என்ற சொல்லும் இதே வேரில் பிறந்தது. மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதற்கு இவ்வுறவும் ஒரு காரணமாகலாம்.

கான்டெஸ்ட் நீதிமன்றத்திலிருந்து வந்த சொல். சாட்சிக்கு அழைத்து வழக்கைத் தொடங்குவதை அதன் இலத்தீன் மூலம் குறித்தது. இதனாலேயே தேர்தலில் நிற்பதற்கும், உயிலையோ தீர்ப்பையோ மறுத்து வாதிடுவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே வினை பயன்படுகிறது.

வை என்பது சூதாட்டத்தில் பந்தயத் தொகையை உயர்த்தி எதிராளியை அறைகூவி அழைத்தலைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அழைப்பு எனப் பொருள்படும் இன்விட்டேஷன் இதன் உறவு. பொறாமையைக் குறிக்கும் என்வி ஒலியில் நெருங்கினாலும் உறவற்றது.

உடன்படுதலைக் குறிக்கும் கன்கர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, கூடி ஓடுதல் என்பதே வேர்ப்பொருள். அதே வேரிலிருந்து பிறந்த பிரெஞ்சு, செருமானியச் சொற்களோ வணிகப் போட்டியைக் குறிக்கின்றன. மேட்ச் என்பது பழைய ஆங்கிலத்தில் இணை அல்லது துணையைக் குறித்த சொல்லாகும்.

குதிரைப் பந்தயத் தொடர்கள்

போட்டி பற்றிய ஆங்கில மரபுத்தொடர்கள் பலவற்றிற்குக் குதிரைப் பந்தயமே பிறப்பிடம். இருவர் சமநிலையில் முந்துவதைக் கழுத்தோடு கழுத்து என்பர். எளிதாக வெல்வதைக் கைகளைத் தாழ்த்தி வெல்லுதல் என்பர். வெகுதூரம் முந்திவிட்ட குதிரையோட்டி, குதிரையை முடுக்கத் தேவையின்றிக் கடிவாளத்தைத் தளர்த்துவதை இது குறிக்கிறது.

தமிழ் நாளிதழ்களிலும் இடம்பெறும் கறுப்புக் குதிரை என்ற தொடர் இங்கிருந்து வந்ததே. பெஞ்சமின் டிசுரேலி 1831 இல் வெளியிட்ட இளம் கோமகன் பற்றிய புதினத்தில், எவரும் எதிர்பாராத குதிரை ஒன்று வெல்கிறது. பின்னர் இத்தொடர் அரசியலுக்குள் நுழைந்தது. 1844 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சேம்சு போல்க் இவ்வகை வேட்பாளருக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறார். இங்கு ஆங்கிலச் சொல் நிறத்தைவிட, அறியப்படாத நிலையையே உணர்த்துகிறது. எனவே அறியாக் குதிரை என்பதே பொருளுக்கு நெருங்கிய பெயர்ப்பாகும். ஆனால் வழக்கு வேறாக நிலைத்துவிட்டது.

தோல்வியை ஏற்பதைக் குறிக்கும் துண்டை வீசுதல் குத்துச்சண்டையிலிருந்து வந்தது. முன்னர் துண்டுக்குப் பதிலாகப் பஞ்சு வீசப்பட்டது.

கணினியியலில்

கணினியியலில் ஒரே நினைவகப் பகுதியை இரு செயற்பாடுகள் ஒரே நேரத்தில் மாற்ற முனைந்து, எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுமாயின், அந்நிலையைப் பந்தய நிலை என்பர். இதைத் தவிர்க்கப் பூட்டு பயன்படுத்தப்படுகிறது. பூட்டைப் பெற்ற செயற்பாடு தன் வேலையை முடித்து விடுவிக்கும்வரை மற்றது காத்திருக்கும். வாய்க்கால் பாசனத்தில் முறை வைத்து நீர் விடுவதும் இத்தகையதே.